அம்மனுக்குக் காய்ச்சிய தண்ணீர்

“நாலு எழுத்து படிச்சுட்டு வந்து அம்மனுக்கே வெந்நீ வைக்கணுங்கிறியே, அவ என்னடி பிள்ளை பெத்தவளா, உடம்பு வலிக்குதுன்னு படுத்திருக்காளா?”

தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் மனைவி கங்காணியம்மா இப்படிக் கேட்டதும் கோவில் முன்னால் கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்த பிறகு மீசையைத் தடவுவதுபோல வாயை மறைத்துக்கொண்டார். சிரிக்காதவள் என் அம்மா ஒருத்திதான். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, கோவிலின் தகரக் கூரையைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. பேசினால் அழுதுவிடுவோமோ என்ற பயம்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து மாட்டுவண்டியில் உள்ளே வந்தால், ரப்பர் மரங்கள் முடிந்து தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயங்கள் தொடங்கும் இடத்தில் அந்த மாரியம்மன் கோவில் இருந்தது. அந்த மாட்டுவண்டியை ஓட்டியவர் என் அப்பா. ரப்பர் ஷீட்டுகளை டவுனில் இறக்கிவிட்டு, அரிசியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். அம்மா ரப்பர் மரங்களில் பால் வெட்டினாள். எங்கள் வம்சத்தில் எனக்கு முன்னால் பேனா பிடித்தவர் எவரும் இல்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு, இப்போதும் உண்டு.

என்னை ஜொகூர் பாருவில் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் சேர்க்க அப்பா கூட்டிக்கொண்டு போன அன்று, அம்மா இதே கோவில் முன்னால் நின்று ஒரு நேர்த்தி வைத்தாள். பெண் நல்லபடியாகப் படித்துத் திரும்பி வந்தால், மூன்று திருவிழாவுக்குத் தன் கையால் பானகம் கலந்து ஊருக்கே கொடுப்பதாக. அது முடியும்வரை வெற்றிலை போடுவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டாள். விடியுமுன் பனியில் எழுந்து பால் வெட்டப் போகிறவர்களுக்கு வெற்றிலையை விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

நான் படித்துத் திரும்பி வந்தேன். தோட்டத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. அம்மா இரண்டு திருவிழாவுக்குப் பானகம் கொடுத்தாள். முதல் வருடம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருடம், திருவிழாவுக்கு மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பாதிப் பேர்தான் வந்து நின்றார்கள். மீதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கும் லயத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தாழ்வாரத்தில் பாய் போட்டார்கள். நல்லவேளை, ஒருவரும் சாகவில்லை. ஆனால் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, பானகம் கலந்தது யார் என்பதுதான்.

நேர்த்தியில் ஏதோ குறை என்றார்கள் சிலர். குளிக்காமல் கலந்திருப்பாள் என்றார்கள் சிலர். ஆஸ்பத்திரியைக் கவனித்துவந்த டிரசர் ஐயா மட்டும், எல்லாம் சுங்கைத் தண்ணீர் செய்த வேலை என்றார். சுங்கை என்பது லயத்துக்குக் கீழே ஓடும் சிற்றாறு. குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். மேல் லயத்துக்காரர்கள் அதன் கரையில் என்னென்ன செய்தார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம். மழை பெய்தால் எல்லாம் அடித்துக்கொண்டு கீழே வரும். அவர் சொன்னது சரி என்பது எனக்குப் புரிந்தது. ஊருக்குப் புரியவில்லை. வருடம் முழுக்க அம்மா தண்ணீர்த் துறையில் தனியாகவே குடம் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் திருவிழாவுக்கு நாள் குறிக்கக் கூடிய அன்றைக்கு, கங்காணி நேராகவே சொல்லிவிட்டார். “இந்த வருஷம் பானகம் வேற வீட்டுக்குப் போகட்டும். மறுபடி ஆளுங்க படுத்தா அடுத்த வருஷம் திருவிழாவே கிடையாதுன்னு தொரை சொல்லிட்டாரு. நான் என்ன பண்றது?”

அம்மாவின் நேர்த்தி பாதியில் நின்றுவிடும். நேர்த்தி பாதியில் நின்றால் அந்தக் குறை யார்மேல் வந்து விடியும் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, என் மேல்தான். அது எனக்குக் கவலை இல்லை. அம்மா காலமெல்லாம் அந்தப் பயத்தோடு இருப்பாளே என்பதுதான் கவலை. அதனால்தான் கங்காணியம்மாவைத் தவிர வேறு பெண்கள் பேசாத அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன். தண்ணீரைக் காய்ச்சிப் பானகம் கலப்போம், ஒருவருக்கும் ஒன்றும் வராது என்றேன். அதற்குத்தான் கங்காணியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கங்காணியம்மா லேசான ஆள் இல்லை. கங்காணி முன்னூறு பேரை அதட்டுவார், கங்காணியம்மா கங்காணியை அதட்டுவார் என்று லயத்தில் சொல்வார்கள். குரலை உயர்த்தினால் ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாரியம்மன் சூட்டுக்காரி. அவளைக் குளிர வைக்கத்தான் வேப்பிலை, மஞ்சள் நீர், மோர், பானகம் எல்லாம். நெருப்பில் ஏறிய தண்ணீரை அவள் முன்னால் கொண்டுபோய் வைப்பதாவது?

“பெரியம்மா, கூழ் ஊத்துறோமே, அது குளிர்ச்சிதானே?” என்று கேட்டேன்.

“கூழைவிடக் குளிர்ச்சி என்ன இருக்கு?”

“அதைக் காய்ச்சாமத்தான் ஊத்துறோமா?”

கூட்டம் இந்தத் தடவை அவரைப் பார்த்துச் சிரித்தது. கங்காணியம்மா வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “கூழு முதநாளே காய்ச்சி ஆறிப் புளிச்சு வருது. அது வேற.”

“இதையும் முதநாளே காய்ச்சி ஆற வைக்கிறோம். புளிக்கத்தான் வைக்கல.”

பூசாரி தலையைச் சொறிந்தார். “குடுக்கிற நேரத்துல கைக்குச் சில்லுனு இருந்தாப் போதும். அதுக்கு முந்தி எங்க இருந்துச்சுன்னு ஆத்தா கேக்க மாட்டா,” என்றார்.

கங்காணி யோசித்தார். அவர் எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்கிறவர் இல்லை. “காப்புக் கட்டுற நாள்லேருந்து கோவில் வேலை செய்யுறவங்க குடிக்கிற தண்ணி உங்க வீட்டுப் பொறுப்பு. காய்ச்சிக் கொண்டாந்து வைங்க. யாருக்கும் வயிறு கலங்கலன்னா பானகம் உங்களுது. கலங்குச்சோ, அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா என் தோளில் தட்டினார். “தாயி, கூழை வச்சு நல்லா மடக்குன போ,” என்றார். அம்மா அன்று சாயங்காலமே பெரிய அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

விறகுக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. வெட்டிப்போட்ட கிழட்டு ரப்பர் மரங்கள் லயத்துக்குப் பின்னால் மலைபோலக் கிடந்தன. அப்பா அவற்றைப் பிளந்து அடுக்கிக் கொடுத்தார். தண்ணீர் எப்போது கொதித்ததாக எடுத்துக்கொள்வது என்று நான் அம்மாவுக்குச் சொன்னேன். ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்தால் போதாது, நடுவிலிருந்து புரண்டு புரண்டு வர வேண்டும், வந்த பிறகும் கொஞ்ச நேரம் விட வேண்டும். பள்ளியில் சொல்லித்தந்தது அப்படியே எனக்கு மனப்பாடம். தோட்டத்துப் பள்ளிச் சுவரிலும் கரித்துண்டால் பெரிதாக எழுதிவைத்திருந்தேன்: “தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி.” பிள்ளைகள் அதைத் தினமும் பாட்டாகவே பாடுவார்கள்.

காப்புக் கட்டினார்கள். அம்மா மத்தியானம் பால் வெட்டு முடிந்து வந்ததும் தண்ணீர் காய்ச்சிக் கோவிலில் கொண்டுபோய் வைப்பாள். எனக்கு அந்த நேரம் பள்ளி. சாயங்காலம் வந்ததும் கேட்பேன்.

“கொதிச்சுச்சாம்மா?”

“அண்டா குதிக்கிற குதியில அடுப்பே ஆடுச்சு. போதுமா?”

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இன்னும் சில நாள் போனால் போதும், இந்தத் தோட்டம் முழுக்க என்னிடம் வந்து கேட்டுத்தான் தண்ணீர் குடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கங்காணி படுத்தார்.

பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திடீரென்று மரங்களுக்குள் ஓடியதைத் தோட்டமே பார்த்தது. அவரை அப்படி ஓட வைக்கத் தோட்டத்துத் துரையால்கூட முடியாது என்று வாலிபர்கள் சொல்லிச் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் பந்தல் வேலை செய்த இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். மூவரும் எங்கள் தண்ணீரைக் குடித்தவர்கள்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டிரசர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எப்போதும் ஒரே நிதானம். மருந்துப் போத்தலைக் குலுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“ஐயா, கொதிக்க வச்ச தண்ணிதான் குடிச்சாங்க. எப்படி?”

“கொதிச்ச தண்ணி ஆரையும் படுக்க வைக்காது, பிள்ளை.”

“அம்மா கொதிக்க வச்சாங்க ஐயா. பொய் சொல்ல மாட்டாங்க.”

“நான் கொம்மாவைப் பொய்காரி எண்டு சொல்லேல்லையே. நீர் ஒருக்கா கிட்ட நிண்டு பாத்தனீரோ? இல்லையெண்டா போய்ப் பாரும்.”

மறுநாள் மத்தியானம் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அண்டாவில் தண்ணீர் நடுவிலிருந்து புரண்டு புரண்டு கொதித்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத கொதி. அம்மா விறகை இழுத்தாள். அப்பாவும் அவளும் பிடித்து அண்டாவை இறக்கினார்கள். பிறகு அம்மா, வெகு சாதாரணமாக, பக்கத்திலிருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கி, சுங்கையிலிருந்து அப்போதுதான் மொண்டு வந்த பச்சைத் தண்ணீரை அண்டாவில் ஊற்றினாள். விரலை விட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மறுபடி விரலை விட்டாள்.

“அம்மா!” என்று நான் போட்ட சத்தத்தில் அப்பாவின் கையிலிருந்த கரித்துணி விழுந்தது.

“என்னடி, பாம்பா?”

“என்ன ஊத்துற?”

“விளாவுறேன்.”

“எதுக்கு விளாவுற?”

அம்மா என்னை, காய்ச்சலில் உளறும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “கொதிக்கக் கொதிக்கவா கொண்டுபோய்க் குடுப்பாங்க? வெயில்ல வேலை செய்யுற மனுசங்க. நாக்கு வெந்துபோகாது?”

அண்டாவைப் பார்த்தேன். பாதி நெருப்புத் தண்ணீர், பாதி சுங்கைத் தண்ணீர். கொதிக்க வை என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அம்மா கொதிக்கத்தான் வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு செய்தது, தமிழச்சிகள் காலங்காலமாகச் செய்வது. குளிக்க வைத்த வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விளாவாமல் எவள் பிள்ளையைக் குளிப்பாட்டியிருக்கிறாள்? சூடாக எதைக் கொடுத்தாலும் கை பொறுக்கும் பதத்துக்கு விளாவிக் கொடுப்பதுதான் பாசம். விளாவாமல் கொடுப்பவள் கல்நெஞ்சக்காரி. என் பள்ளிப் புத்தகத்தை எழுதியவருக்கு இந்தப் பாசம் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் அதில் கொதிக்க வை என்பதோடு பாடம் முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் மட்டும்தானா என்று பார்க்க, அன்று சாயங்காலம் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தேன். போகிற வீட்டிலெல்லாம், “அக்கா, பிள்ளைக்குத் தண்ணி காய்ச்சித்தான் குடுக்கிறீங்களா?” என்று கேட்டேன். பள்ளிச் சுவரின் புண்ணியத்தில் பல வீடுகளில் காய்ச்சத்தான் செய்தார்கள். ஒருத்தி பெருமையோடு என் கண் முன்னாலேயே காய்ச்சினாள், என் கண் முன்னாலேயே பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவினாள், ஊதி ஊதிப் பிள்ளைக்குக் கொடுத்தாள். “நீ சொன்னபடியேதான் டீச்சரம்மா,” என்றாள். நான் வெளியே வந்து, அவர்கள் வீட்டு வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பெண், “அலமாக், டீச்சரம்மாவுக்கும் வயித்து வலியா?” என்று பதறினாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சுங்கையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு நெருப்பில் சாகிறது, ஆனால் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது மறுபடி வந்துவிடுகிறது என்றேன். அம்மா யோசித்தாள். அவள் மறுக்கவில்லை. அவளுக்கு இருந்த கஷ்டம் வேறு.

“அப்ப எதை ஊத்தி விளாவுறது? ஒண்ணும் ஊத்தாமக் குடுக்க என்னால ஆகாதுடி.”

அடுப்பு ஓரத்தில், முந்தின நாள் காய்ச்சியதில் விளாவுவதற்கு முன் எனக்கென்று எடுத்து வைத்த ஒரு சின்னப் பானைத் தண்ணீர் மூடியபடி இருந்தது. நான் திறந்து அகப்பையால் மொண்டு அம்மாவின் கையில் ஊற்றினேன். மழைத் தண்ணீர்போலக் குளிர்ந்தது.

“நேத்துக் காய்ச்சினதை ஊத்தி இன்னைக்குக் காய்ச்சினதை விளாவும்மா.”

அம்மா ஈரக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சிரித்தாள். வருடம் முழுக்கப் பார்க்காத சிரிப்பு. “இவ்வளவுதானா? இதை அப்பவே சொல்றதுக்கென்னடி?”

எங்கள் வீட்டுக்குள் விஷயம் முடிந்தது. வெளியே முடியவில்லை. கங்காணி படுத்திருந்தார், பானகம் கைவிட்டுப் போயிருந்தது. அதைத் திரும்ப வாங்க ஒரே வாசல்தான் இருந்தது. விடிந்ததும் அந்த வாசலுக்குப் போனேன்.

கங்காணியம்மா மோர்க்கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். உள்ளே கயிற்றுக் கட்டிலில் கங்காணி சுருண்டு கிடந்தார்.

“வா, வா. உன் படிப்பு பண்ண வேலையைப் பாக்க வந்தியா? அந்தா கெடக்கு பாரு. ஆளைப் பாதியாக்கிட்டே.”

“பெரியம்மா, நேத்து அவருக்குக் குடிக்க என்ன குடுத்தீங்க?”

“கசாயம். டிரசர் சொன்னாரேன்னு கொதிக்கக் கொதிக்க வச்ச தண்ணி. ஏன், அதுலயும் குத்தமா?”

“கொதிக்கக் கொதிக்கவே குடுத்தீங்களா?”

“நான் என்ன கொலைகாரியா? விளாவித்தான் குடுத்தேன்.”

“எதை ஊத்தி?”

அவர் கண் தானாக மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்துக்குப் போனது. அது சுங்கைத் தண்ணீர். உள்ளேயிருந்து கங்காணியின் முனகல் வந்தது: “அதான் நேத்து இன்னும் நாலு தடவ ஓடுனேனா…”

“நீங்க சும்மா கெடங்க,” என்றார் கங்காணியம்மா. ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

இந்த இடத்தில் நான் வென்றுவிட்டதாகச் சிரித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். “எங்க அம்மாவும் அதைத்தான் பண்ணியிருக்காங்க பெரியம்மா. இந்தத் தோட்டத்துல எல்லாப் பொம்பளைங்களும் அதைத்தான் பண்றோம். பாசத்துல பண்றோம்,” என்றேன். நேற்றுக் கண்டுபிடித்ததை முழுவதும் சொன்னேன். பிறகு கேட்டேன்: “பானகத்துக்குத் தண்ணி காய்ச்சி ஆற வச்சுட்டா, அதுக்கப்புறம் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணி அதுல விழக் கூடாது. ஆனா வர்ற பொம்பளை ஒவ்வொருத்தியும் நல்லது பண்றதா நெனச்சு ஒரு செம்பு ஊத்துவா. நான் சொன்னா யாரு கேப்பா? எங்க அம்மா சத்தம் போட்டே பேச மாட்டாங்க. பானைப் பக்கத்துல நின்னு காக்க உங்களை விட்டா ஆள் இல்ல.”

கங்காணியம்மா கஞ்சியை ஆற்றுவதை நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏய், இது என்னைக் காவக்காரியாக்குற திட்டமா?”

“ஆமா பெரியம்மா.”

உள்ளே கங்காணி வலியோடு சிரித்தார். “அவ நின்னா ஈ கூடக் கேட்டுட்டுத்தான் உக்காரும். பானகத்தைக் குடுத்துரலாம் போ.”

திருவிழாவுக்கு முந்தின நாள் கோவிலுக்குப் பின்னால் மூன்று அடுப்பு மூட்டினோம். காய்ச்சிய தண்ணீரைப் புது மண்பானைகளில் நிரப்பி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, ஈர மணலில் புதைத்து, சுற்றிலும் ஈரச் சாக்குப் போட்டோம். பானைகளைக்கூட முதலில் வெந்நீரால் கழுவினோம். மொண்டு ஊற்ற நீளக் காம்பு வைத்த அகப்பை, அதுவும் வெந்நீரில் போட்டு எடுத்தது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் குவளையைக் கொண்டு வர வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தேன். வெல்லம் கரைக்க உட்காருமுன் அம்மா முழங்கைவரை சவுக்காரம் போட்டுக் கழுவினாள். குளிக்காமல் கலந்தாள் என்று போன வருடம் பேசியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அம்மா வேண்டுமென்றே இன்னொரு தடவை கழுவினாள்.

விடிந்ததும் கங்காணியம்மா ஒரு முக்காலியும் பிரம்பும் கொண்டுவந்து பானைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் வேலையாக, குளிர்ச்சி பார்க்கப் பானைக்குள் கையை விடப் போனார். நான் குறுக்கே அகப்பையை நீட்டினேன். “கையில ஊத்துறேன் பெரியம்மா.” உள்ளங்கையில் விழுந்த தண்ணீரைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். “சில்லுனுதான் இருக்கு,” என்றார், ஏதோ கடனுக்குக் கொடுப்பதுபோல.

பூசாரி முதல் குவளையை அம்மன் முன்னால் வைத்தார். உடுக்கைச் சத்தத்தில் அவர் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் திரும்பி அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மா அகப்பையைக் கையில் எடுத்தாள். பிறகு வரிசை வந்தது. எங்கள் தோட்டத்து ஆட்கள், பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், வண்டி கட்டிக்கொண்டு தூரத்திலிருந்து வந்தவர்கள். வெயில் ஏற ஏறப் பானைகள் காலியாயின.

உச்சி வெயிலில் நான் பயந்தது நடந்தது. இருப்பது போதாது என்று நினைத்த ஒரு பெண், தகரம் நிறையச் சுங்கைத் தண்ணீரைச் சுமந்துகொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தாள். முகத்தில் அவ்வளவு அக்கறை. நான் பந்தலின் மறு ஓரத்தில் இருந்தேன். ஓடினாலும் எட்டாது.

“எவடி அவ? எங்க ஊத்த வர்ற?”

கங்காணியம்மா போட்ட அந்தச் சத்தத்தில் கோவில் மேளமே ஒரு கணம் தடுமாறியது.

“இல்லக்கா, கொறையுதேன்னு…”

“கொறைஞ்சா கொறையட்டும். இது வெந்து ஆறின தண்ணி. பச்சைத் தண்ணி ஒரு சொட்டு பட்டுச்சோ, அத்தனையும் பாழ். எம்புருசன் மூணு நாள் ஓடுனது தெரியுமா உனக்கு? போ, கொண்டுபோய்க் காலைக் கழுவு!”

அதோடு அவர் நிற்கவில்லை. வந்து குடிக்கிற ஒவ்வொருவருக்கும், அதிலும் வெளித் தோட்டத்துப் பெண்களுக்கு, விஷயத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். “நேத்துக் காய்ச்சினதை வச்சு இன்னைக்குக் காய்ச்சினதை விளாவணும். தெரிஞ்சுக்க. பிள்ளைகுட்டி வச்சிருக்கியே.” கேட்டவர்களுக்கு, இதையெல்லாம் கண்டுபிடித்தவர் கங்காணியம்மாதான் என்றே தோன்றியிருக்கும். எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். என் வாயில் இருந்தவரை அது பள்ளிச் சுவரோடு நின்றது. அவர் வாயில் ஏறியதும் மாட்டுவண்டி ஏறி ஊர் ஊராகப் போகிறது. போகட்டும்.

மறுநாள் பெரட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். டிரசர் ஐயா, வெள்ளை மருந்து கலக்கி வரிசையாக வைத்த போத்தல்களுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

“ஒருத்தரையும் காணேல்லையே, பிள்ளை. மருந்தெல்லாம் வீணாப் போச்சு,” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் அம்மா கோவிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டாள். திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து, ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, நிதானமாகச் சுண்ணாம்பு தடவினாள். அப்பா பாக்கை வெட்டிக் கொடுத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மென்றதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் கங்காணியம்மா வந்தார். அவரும் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். “படிப்பும் முடிஞ்சுது, நேர்த்தியும் முடிஞ்சுது. இனிமே என்ன? குளுவாங்ல ஒரு பையன் இருக்கான். பேசட்டுமா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

“நான் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில மருத்துவச்சி வேலை படிக்கப் போறேன் பெரியம்மா. டிரசர் ஐயா சேத்துவிடுறேன்னாரு, சரின்னு சொல்லிட்டேன். பிள்ளை பெத்தவங்களுக்கு வெந்நீ வைக்கிற வேலைதான்.”

தன் வார்த்தை தன்னிடமே திரும்பி வந்தது கங்காணியம்மாவுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும், வாய் நிறைய வெற்றிலையோடு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து லயத்துக் கோழிகள் கலைந்து ஓடின. “போடி, போ. விளாவாமக் குடுத்துறாதே!” என்றார்.

அடுத்த வாரம் அப்பாவின் வண்டியில், ரப்பர் ஷீட்டுகளின் மேல் உட்கார்ந்து சிம்பாங் ரெங்கம்வரை வந்தேன். அங்கிருந்து பஸ்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் வகுப்பு. வெள்ளைக்கார நர்ஸ் அம்மா கரும்பலகையில் எழுதினார்: தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். எழுதிவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்து, அடுத்த பாடத்துக்குப் போகத் திரும்பினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன்.